என் போன் மரத்தில் இருக்கிறது

சங்கராபுரத்தில் இருந்து கள்ளக்குறிச்சி போகிற ரோட்டில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் நீல பெயிண்டில் ஒரு போன் நம்பர் இருக்கும். நம்பருக்கு மேலே ‘போர் மோட்டார் ஏற்றி இறக்க’ என்றும், கீழே ‘பொன்னுரங்கம்’ என்றும் எழுதியிருக்கும். அந்தப் பொன்னுரங்கம் நான்தான். போன ஆடி மாதத்தில் அந்த நம்பருக்குக் கூப்பிட்டுவிட்டு, “கெழவனுக்குத் திமிரு, போனை எடுக்கல” என்று பேசியவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். திமிர் எனக்கு உண்டு. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்குப் போனை எடுக்காததற்குக் காரணம் திமிர் இல்லை. போன் கல்வராயன் மலையில் ஒரு சில்வர் ஓக் மரத்தில் ஐம்பதடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கவிட்டவன் நான். அது என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல வேலைகளில் ஒன்று.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான்காம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஐந்தாம் வகுப்பு வாத்தியார் என் முகத்தையே பார்த்ததில்லை. அப்பாவுக்கு நிலம் கிடையாது, ஊரார் நிலத்தில் கூலி வேலை. பதினோரு வயதில் சங்கராபுரத்தில் ஒரு காயில் கட்டுகிற கடையில் சேர்ந்தேன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, பழைய செப்புக் கம்பியை உருவிப்போட்டு, புதுக் கம்பி சுற்றவேண்டும். சுற்று ஒன்று தப்பினாலும் மோட்டார் மறுபடி எரியும். பள்ளிக்கூடத்தில் ஏறாத எண்ணிக்கை எனக்கு அங்கேதான் ஏறியது. இருபத்து நான்கு வயதில் சொந்தமாக முக்காலியும் கப்பியும் கயிறும் வாங்கினேன். யாரிடமும் கைகட்டி நிற்கவில்லை.

திருநாவலூரில் அறுநூற்று எண்பது அடி ஆழத்தில் ஒரு மோட்டார் குழாயோடு அறுந்து விழுந்தது. மூன்று கம்பெனி ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, “போரை மூடிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் கொல்லன் பட்டறையில் உட்கார்ந்து, நானே ஒரு கொக்கி அடித்து, இரண்டு நாளில் அந்த மோட்டாரை மேலே கொண்டுவந்தேன். நம்பாதவர்கள் திருநாவலூரில் போய் விசாரிக்கலாம்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் போருக்குள் இறக்குகிற கேமரா ஒன்று வாங்கினேன். கூடவே படம் பார்க்க, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய டச் ஸ்கிரீன் டேப் ஒன்றும் வந்தது. நிலத்துக்காரர்கள் பாதிப் பேர் சென்னையில் இருக்கிறார்கள். மோட்டார் மாட்டிக்கொண்டது என்று போனில் சொன்னால் நம்பமாட்டார்கள். படத்தை உடனே அனுப்பவேண்டும், ஆனால் டேப்புக்கு சிம் கிடையாது. ஒருநாள் உளுந்தூர்பேட்டை டீக்கடையில் லாரி டிரைவர் ஒருவர் தன் போனில் இருந்து பக்கத்து ஆளின் போனுக்கு நெட் கொடுத்தார். நான் டீ குடிக்கிற சாக்கில் அவர் விரல் எங்கெங்கே போகிறது என்று பார்த்தேன். பஸ் சங்கராபுரம் வந்து சேர்வதற்குள் என் டேப்பில் நெட் ஓடியது. ஹாட்ஸ்பாட் என்கிறார்கள். அதில் ஒன்றும் மந்திரம் இல்லை. ஒருத்தன் கிணற்றுத் தண்ணீரை வாய்க்கால் வெட்டிப் பக்கத்துக் கழனிக்கு விடுகிற மாதிரிதான். போனுக்குத் தண்ணீர் வந்தால் டேப்புக்கும் பாயும். இது தெரிந்த பிறகு போருக்கு அடியில் இருந்து சென்னை வீட்டு ஹாலுக்கு நேரடியாகப் படம் காட்டுகிறவன் நான்.

ஆடி இரண்டாம் வாரம் கல்வராயன் மலையில் இருக்கிற மேல்நாரைப்பட்டுக்குப் போனேன். வெள்ளிமலை தாண்டி, பஸ் நிற்கிற இடத்தில் இருந்து நாலு கிலோமீட்டர் மண்ரோடு. குடிதண்ணீர் போரில் மோட்டார் மாட்டும் வேலை, நாலு நாள் தங்கவேண்டும். சடையன் வீட்டில் தங்கினேன். சடையனும் அவர் மனைவி காசியம்மாளும் ஐம்பதைத் தாண்டியவர்கள், மரவள்ளி போடுகிறவர்கள். காசியம்மாள் யாரையும் ‘நீ’ என்றுதான் பேசுவாள், கலெக்டர் வந்தாலும் அப்படித்தான் பேசுவாள் போல. வலது முழங்கால் வீங்கி, கோலை ஊன்றித்தான் நடப்பாள்.

மூன்றாம் நாள் ரேஷன் போடுகிற நாள். காலையில் நான் கண்ட காட்சியை எழுதாமல் இருக்க முடியாது. சடையன் தன் மனைவியை முதுகில் சுமந்துகொண்டு கழுகுப்பாறைக்கு ஏறிக்கொண்டிருந்தார்.

“இன்னாப்பா இது, கல்யாண ஊர்கோலமா?” என்று கேட்டேன்.

“சிரி, சிரி,” என்றாள் முதுகில் இருந்த காசியம்மாள். “அரிசி கடையில இருக்குது, வெரலு மட்டும் பாறைக்குப் போவுது.”

விஷயம் இதுதான். ரேஷன் கடையில் பில் போடுகிற மெஷின் ஒரு கையடக்கக் கம்ப்யூட்டர். நாம் கட்டைவிரலை வைத்தால் அது நெட் வழியாக எங்கோ கேட்டு, இவர் இவர்தான் என்று பதில் வந்த பிறகுதான் பில் போடும். அந்த மெஷினில் இருக்கிற சிம்முக்கு மேல்நாரைப்பட்டில் துளி சிக்னல் கிடையாது. கழுகுப்பாறை உச்சியில் மட்டும் கொஞ்சம் கிடைக்கும். அதனால் கடைக்காரப் பெண் கலையரசி மெஷினைத் தூக்கிக்கொண்டு பாறைமேல் உட்காருவாள். ஊரே ஏறிப் போய் விரல் வைத்துவிட்டு, சீட்டோடு கீழே இறங்கிக் கடையில் அரிசி வாங்கும். சடையனின் கட்டைவிரல் ரேகை மண்வெட்டி பிடித்தே தேய்ந்துவிட்டது, மெஷின் ஏற்காது. அவர்கள் ரேஷன் அட்டையில் வேறு ஆள் இல்லை. காசியம்மாள் போனால்தான் அரிசி.

அன்றைக்குக் காசியம்மாளின் முறை வருவதற்குள் பாறையிலும் சிக்னல் போய்விட்டது. மத்தியானம் ஒரு ஜீப் வந்தது. ரேஷன் அதிகாரி ஒருவரும், மெஷின் கம்பெனியில் இருந்து ஜெயப்பிரகாஷ் என்கிற இன்ஜினீயரும் இறங்கினார்கள். அதிகாரி கடை வாசலில் நின்று சொன்னார்.

“மெஷின் கடைக்குள்ளதான் ஓடணும்னு உத்தரவு. பாறையில உக்காந்து பில்லு போடக்கூடாது. இங்க சிக்னல் இல்ல. அதனால அடுத்த மாசத்துல இருந்து இந்தக் கடையக் கீழ ஊரோட சேக்குறோம்.”

கீழ ஊர் பதினோரு கிலோமீட்டர். காசியம்மாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். “பாறைக்கே இந்த மனுசன் முதுகுல போறேன். பதினோரு மைலு இவரு தூக்குவாரா? நீ தூக்குறியா?”

“மைலு இல்லம்மா, கிலோமீட்டர்,” என்றார் அதிகாரி.

“தூக்குறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. என்னால் எப்போதுமே முடியாது. “சார், மெஷினுல சிம்மு மட்டும்தானா? ஹாட்ஸ்பாட் வாங்குமா?” என்று கேட்டேன்.

ஜெயப்பிரகாஷ் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் சட்டையெல்லாம் கிரீஸ். “வாங்கும். ஆனா ஹாட்ஸ்பாட் குடுக்கற போனுக்கு சிக்னல் வேணுமே ஐயா. இது மோட்டார் இல்லீங்க, சாஃப்ட்வேர். இன்னா படிச்சிருக்கீங்க?”

“நாலாவது.”

“பாஸா?”

ஜீப் டிரைவர்கூடச் சிரித்தான். என் காது சூடாகிவிட்டது. நான் அதிகாரியைப் பார்த்துச் சொன்னேன்: “ஒரு நாளு குடுங்க. கடைக்குள்ள மெஷினு ஓடும். ஓடலன்னா சங்கராபுரத்துல என் போர்டைக் கழட்டிப்புடறேன்.”

“உங்க போர்டை வெச்சி நான் இன்னா பண்றது?” என்றார் அதிகாரி. ஆனால் கொஞ்சம் யோசித்தார். “நாளைக்குப் பத்து மணிக்கு இந்தப் பக்கமா வர்றேன். மெஷின் கடைக்குள்ள ஓடினா கடை இங்க. ஓடலன்னா மெஷினை எடுத்துகினு போயிடுவேன். அப்புறம் யாரும் என்னைக் கேக்கக்கூடாது.”

அவர்கள் போனதும் சடையன் என் பக்கத்தில் வந்தார். “இன்னாண்ணா, ஒனக்கு ஏன் இந்த வம்பு?”

“வம்பு அவங்களுக்கு,” என்றேன்.

என் போனில் இருப்பது வேறு கம்பெனி சிம். தரையில் அதற்கும் சிக்னல் இல்லை. ஆனால் முந்தின நாள் தண்ணீர்த் தொட்டியின் மேலே ஏறியபோது ஒரு கோடு வந்துவிட்டுப் போனதைப் பார்த்திருந்தேன். நான் போரில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று கயிறு விட்டு அளக்கிறவன். சிக்னலும் எனக்குத் தண்ணீர் மாதிரிதான். கீழே இல்லாவிட்டால் மேலே எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்துவிட்டால் போதும். கடைக்குப் பக்கத்திலேயே உயரமான சில்வர் ஓக் மரம் ஒன்று நின்றது. சடையன் இடுப்பில் கயிற்றின் நுனியைக் கட்டி, சட்டைப்பையில் என் போனைப் போட்டு ஏற்றிவிட்டேன். பத்தடிக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு.

“எத்தினி கோடு?” என்று கீழே இருந்து கத்தினேன்.

“ஒண்ணுமில்ல!”

“இன்னும் ஏறு!”

“ஒண்ணு வந்துச்சி… போயிடுச்சி!”

“அது வெளையாடுது. ஏறு!”

“அண்ணா, இதுக்கு மேல போனா நான் நேரா சாமிகிட்டதான் போவணும்!”

“கோடு எத்தினி சொல்லு!”

“மூணு! மூணு நிக்குது!”

அந்த இடத்தில் கப்பியைக் கட்டச் சொன்னேன். கயிறு ஐந்தாவது முடிச்சில் நின்றது. போனை ஒரு துணிப்பையில் போட்டு, ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டு, கொடி ஏற்றுகிற மாதிரி இழுத்தேன். நாற்பத்திரண்டு வருஷமாகக் கயிறு கட்டித் தரைக்கு அடியிலேயே ஏற்றி இறக்கிப் பழகின கை, அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தரைக்கு மேலே ஒன்றை ஏற்றியது.

கலையரசி கடைக்குள் மெஷினை வைத்துக்கொண்டு, “ஐயா, பாஸ்வேர்டு கேக்குதுங்க,” என்றாள்.

“ஆறு எட்டு சைபர். மூணு தடவை அடிம்மா.”

“அது இன்னாங்க நம்பரு?”

“திருநாவலூர்ல நான் மோட்டாரு எடுத்த ஆழம்.”

மெஷினில் நெட் வந்தது. பத்து நிமிஷத்தில் நின்றுவிட்டது. நான் பதறவில்லை. யாரும் இழுக்காவிட்டால் ஹாட்ஸ்பாட் தானே அணைந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியும். போனை இறக்கி, அணையாமல் இருக்கிற மாதிரி மாற்றி, மறுபடி ஏற்றினேன். பொழுது சாய்கிறவரை நிற்காமல் ஓடியது. முதல் பில் அதிகாரி கண் முன்னால்தான் விழவேண்டும் என்று யாரையும் விரல் வைக்க நான் விடவில்லை. ஊரில் ஒவ்வொரு வாசலாகப் போய் நானே சொன்னேன், நாளைக்குப் பத்து மணிக்கு வந்து வேடிக்கை பாருங்கள் என்று.

இப்போது நான் செய்த தப்பையும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் காசியம்மாள் விடமாட்டாள்.

காலையில் மழை. ஆடிச் சாரல், நிற்கிற மாதிரி தெரியவில்லை. துணிப்பை நனைந்தால் போன் செத்துவிடும். தண்ணீர் புகாமல் ஒரு பொருளை அடைக்கிறதில் இந்த ஜில்லாவில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. அறுநூறு அடித் தண்ணீருக்குள் நான் போட்ட கேபிள் ஜாயின்ட் பன்னிரண்டு வருஷம் ஆகியும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. என் சாப்பாட்டு டப்பா கெட்டியான எவர்சில்வர், ரப்பர் வளையம் போட்டது. போனை அதற்குள் வைத்து, மூடியைத் திருகி, சுற்றிலும் எம்-சீலைப் பிசைந்து பூசினேன். கல் மாதிரி இறுகிவிட்டது.

“ஒரு தடவை ஏத்திப் பாத்துடலாமாங்க ஐயா?” என்று கலையரசி கேட்டாள்.

“நாப்பது வருசமா தண்ணிக்குள்ள வேலை செய்யுறவனைப் பாத்து இன்னா கேள்வி கேக்கறே?” என்றேன். அதிகாரி கண் முன்னால்தான் ஏற்றவேண்டும் என்று எனக்கு ஆசை.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. ஊரே குடையும் கோணியுமாக நின்றது. நான் கயிற்றை இழுத்தேன், டப்பா பளபளவென்று மேலே போனது. “இப்ப பாருங்க சார்,” என்றேன்.

மெஷினில் ஒன்றும் வரவில்லை. கலையரசி அணைத்துப் போட்டாள். வரவில்லை. நான் டப்பாவை இறக்கி ஏற்றினேன். மறுபடி இறக்கி ஏற்றினேன். வரவில்லை.

ஜெயப்பிரகாஷ் மேலே பார்த்தார். “உள்ள சாம்பாரா, ரசமா ஐயா?”

வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். ஆனால் நான் கூப்பிட்டுக் கூட்டிய ஊர் முன்னால் எவரும் சிரித்ததில்லை. அதிகாரி சிரிக்கவில்லை. “சரி பெரியவரே, முயற்சி பண்ணீங்க,” என்று சொல்லி, மெஷினை எடுக்கக் கையை நீட்டினார்.

காசியம்மாள் கோலைக் குறுக்கே போட்டுக் கடை வாசற்படியில் உட்கார்ந்தாள். “நேத்து சாயங்காலம் ஓடுச்சி. என் ரெண்டு கண்ணால பாத்தேன். என் வெரலு பதியாம அந்த மெஷினு இந்தப் படியத் தாண்டாது. தாண்டுறதுன்னா என்னைத் தாண்டிப் போ.”

அதிகாரி வாட்சைப் பார்த்தார். “அடுத்த ஊருக்குப் போயிட்டு வர ஒன்னரை மணி நேரம் ஆவும். திரும்பி வர்றப்ப எடுத்துக்கறேன்.”

ஜீப் போனதும் டப்பாவை இறக்கினேன். எம்-சீல் வரவில்லை. என் வேலை, எப்படி வரும்? உளியும் சுத்தியும் வைத்து உடைத்தேன். போனின் கண்ணாடியில் ஓரமாக ஒரு விரிசல் விழுந்தது, உயிர் போகவில்லை.

“அண்ணா,” என்றாள் காசியம்மாள். “துணிப்பையில ஓடினது டப்பாவுல ஏன் ஓடல?”

“அதான் எனக்கும்…”

“தண்ணி உள்ள வரக்கூடாதுன்னு பாத்தியே, அது வெளிய பேசணும்னு பாத்தியா? இரும்புப் பொட்டியில போட்டுப் பூட்டினா யாரு பேச்சு யாருக்குக் கேக்கும்?”

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் சொன்னதுதான் சரி. மோட்டாருக்கு வெளியே பேசுகிற வேலை கிடையாது. போனுக்கு அது ஒன்றுதான் வேலை. நாற்பத்திரண்டு வருஷப் பழக்கம் என் கையைப் பிடித்துக்கொண்டு, மூளையைக் கேட்கவே விடவில்லை.

“பிளாஸ்டிக் டப்பா ஏதாவது இருக்குதா?” என்று கேட்டேன். ஊரில் தேடினார்கள். ஒன்று சிறியது, ஒன்று ஓட்டை. காசியம்மாள் சடையனிடம் கண்ணைக் காட்டினாள். அவர் வீட்டுக்குள் போய்ப் பரணில் இருந்து ஒரு சுரைக்குடுக்கையை எடுத்துவந்தார். முற்றிக் காய்ந்து, தட்டினால் மரம் மாதிரி சத்தம் வருகிற குடுக்கை. அவள் அதில் பதினான்கு வருஷமாக அவரை விதை வைக்கிறாளாம். எந்த மழைக்கும் ஒரு விதையில்கூடப் பூசணம் பூத்ததில்லையாம். விதையை முறத்தில் கொட்டினாள்.

“வாய் சின்னதா இருக்குதே,” என்றேன்.

“பெருசாக்கு.”

“வெட்டினா அப்புறம் வெதைக்கு ஆவாதே.”

“வெதைக்கு வேற காய்க்கும். கடை காய்க்குமா? வெட்டு.”

நான் ரம்பத்தால் கழுத்துக்குக் கீழே அறுத்தேன். போனை உள்ளே விட்டு, துணி சுற்றி, அறுத்த கழுத்தையே மூடியாக வைத்தேன். எம்-சீலை எடுக்கப் போன என் கையைக் காசியம்மாள் தட்டிவிட்டாள். “ஒன் சிமிட்டியெல்லாம் வாணாம்.” தேன்மெழுகை உருக்கி அவளே சுற்றிலும் பூசினாள். நான் என் மோட்டார்க் கயிற்றால் உறி மாதிரி பின்னி, குடுக்கையை அதில் உட்காரவைத்தேன். அந்த முடிச்சு என்னுடையது. அதை மறக்கக்கூடாது.

ஏற்றினோம். மழை வலுத்தது. குடுக்கை காற்றில் ஆடிக்கொண்டு நின்றது. கடைக்குள் கலையரசி மெஷினை அணைத்துப் போட்டாள். நான் கயிற்றை விடாமல் நின்றேன். அப்புறம் அவள் குரல் வந்தது: “ஐயா, வந்துடுச்சுங்க!”

ஜீப் திரும்பி வந்தபோது காசியம்மாள் அதே படியில்தான் இருந்தாள். எழுந்து, கோலைச் சுவரில் சாத்தி, கட்டைவிரலைப் புடவையில் துடைத்து மெஷினில் வைத்தாள். ‘மறுபடி முயலவும்’ என்று வந்தது. ஜெயப்பிரகாஷ் எதையோ சொல்ல வாயெடுத்தார்.

“நெட்டு இருக்குது சார், வெரலுதான் ஈரம்,” என்றாள் கலையரசி.

காசியம்மாள் விரலை அடுப்புச் சாம்பலில் தொட்டுத் துடைத்துவிட்டு வந்து மறுபடி வைத்தாள். மெஷின் கீச்சென்றது. காகிதம் உள்ளிருந்து நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தது. அந்தக் கடை கட்டிய நாளில் இருந்து அதற்குள் போட்ட முதல் மெஷின் பில் அது. அடுத்து நாலு பேர் வைத்தார்கள். நாலும் விழுந்தது.

ஜெயப்பிரகாஷ் மழையில் போய் நின்று குடுக்கையைப் போட்டோ எடுத்தார். பிறகு என் பக்கம் வந்து, “சுரைக்காயா ஐயா?” என்றார்.

“நாலாவதுல இது பாடம்,” என்றேன். “நீங்க அன்னிக்கி லீவு போட்டிருப்பீங்க.”

அவர் சிரித்துவிட்டார். இந்தத் தடவை நானும் சிரித்தேன். அதிகாரிதான் தாடையைத் தடவிக்கொண்டே நின்றார். “மரத்துல போனு தொங்கவிட்டு நெட்டு எடுக்கறதுக்கு விதியில எடமில்லீங்களே பெரியவரே.”

“விதியில இல்லாட்டி போவுது சார். மரத்துல இருக்குது.”

“போனு யாரோடது?”

“என்னோடது.”

“நீங்க எறங்கிப் போயிட்டா?”

இதை நான் யோசிக்கவில்லை. அந்த சிம்தான் அங்கே எடுக்கிறது, அந்தப் போன்தான் குடுக்கைக்குள் இருக்கிறது. ரேஷன் இன்னும் மூன்று நாள் போடவேண்டும். ஊர் முழுவதும் என் வாயையே பார்த்தது. காசியம்மாள் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

“போனு இங்கயே இருக்கும்,” என்றேன்.

அதிகாரி அங்கேயே ஒரு காகிதத்தில் எழுதினார். கடைக்குள் மெஷின் ஓடுவதை நேரில் பார்த்ததாகவும், கடை அதே இடத்தில் தொடரலாம் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கலையரசி வாசித்துக் காட்டினாள். ஜீப்பில் ஏறும்போது அவர் தலையை வெளியே நீட்டி, “பாத்துக்கங்க. அந்தப் போனு எறங்கினா கடையும் எறங்கிடும்,” என்றார்.

மறுநாள் மோட்டார் வேலையை முடித்துவிட்டு, வெறும் பையோடு மலை இறங்கினேன். அந்த வாரத்தில் என்னைக் கூப்பிட்டவர்கள்தான் நான் ஆரம்பத்தில் சொன்ன நாலைந்து பேர். இரண்டு வேலை வேறு ஆளுக்குப் போனது. வீட்டில் என் மனைவி அமிர்தம், “ஊருக்கெல்லாம் தெரிஞ்ச நம்பரை எந்த மனுசனாவது மரத்துல கட்டிட்டு வருவானா?” என்று கேட்டாள். வேறு சிம், வேறு போன் அவர்களுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு இதைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் புத்தி சொன்னார்கள். ஓடுகிற மோட்டாரை நான் ஒருநாளும் மேலே எடுத்ததில்லை. புது நம்பர் நான் வாங்கிக்கொண்டேன். ஒரு டப்பா நீல பெயிண்டோடு சங்கராபுரத்தில் இருந்து கிளம்பி, பதினேழு சுவரிலும் என் கையாலேயே எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணல்தான். நாலாவது வரை படித்தது போதும் அதற்கு.

பழைய நம்பரை நான் அழிக்கவில்லை. அழிக்கவும் மாட்டேன். யாராவது பழக்கத்தில் அதற்குக் கூப்பிட்டு, தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் சொன்னால், போன் தரையில் சார்ஜில் இருக்கிறது, மேல்நாரைப்பட்டில் கடை சாத்தியிருக்கிறது. மணி அடித்துக்கொண்டே இருந்து யாரும் எடுக்காவிட்டால் கோபப்படாதீர்கள். குடுக்கை மேலே ஏறிவிட்டது, கடை திறந்திருக்கிறது. நான் தினமும் காலையில் ஒரு தடவை அடித்துப் பார்க்கிறேன்.